கலவை மாறாத மெல்லிய பூச்சு: ஸ்பட்டரிங் டார்கெட் எப்படி வேலை செய்கிறது?

ஒரு சிலிக்கான் வேஃபரின் மேல் 100 நானோமீட்டர் தடிமனுக்கு உலோகப் பூச்சு வேண்டும். தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய படலம் அது. பூச வேண்டியது தனி உலோகம் என்றால் சிக்கல் குறைவு. வெற்றிட அறைக்குள் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால் போதும். சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறப் பளபளப்பு அப்படி வந்ததுதான்.

நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோமைப் பூச வேண்டும் என்றால் இந்த வழி காலை வாரிவிடும். சூடாக்கும்போது நிக்கலை முந்திக்கொண்டு குரோமியம் ஆவியாகும். 80-க்கு 20 என்று கலந்து வைத்தாலும் பூச்சில் குரோமியம் கூடிவிடும். மின்தடைப் படலத்துக்கு நிக்ரோமைப் பூசுபவருக்கு இது பெரிய தலைவலி. கலவை மாறினால் மின்தடையும் மாறும். இங்கேதான் ஸ்பட்டரிங் கைகொடுக்கிறது.

மோதிப் பெயர்க்கும் முறை

அறையிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, ஆர்கான் வாயுவை மிகக் கொஞ்சமாக உள்ளே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்குதான். பூச வேண்டிய பொருளால் செய்த தகடுதான் டார்கெட். அதற்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால், ஆர்கான் அயனிகள் அதை நோக்கிப் பாய்கின்றன. கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் மோதிக் காய்கள் சிதறுவதுபோல, டார்கெட்டின் மேற்பரப்பு அணுக்கள் சிதறிப் பறந்து, எதிரே வைத்திருக்கும் பொருளின் மேல் படிகின்றன. எதுவும் உருகுவதில்லை, கொதிப்பதில்லை.

வில்லியம் ராபர்ட் குரோவ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1852-லேயே இந்த விளைவைப் பதிவு செய்துவிட்டார். டார்கெட்டுக்குப் பின்னால் காந்தம் வைத்து, எலக்ட்ரான்களை அதன் முன்னாலேயே சுழல வைக்கும் மேக்னட்ரான் முறை 1970-களில் வந்தது. தொழிற்சாலைக்கு வேண்டிய வேகம் அதன் பிறகுதான் கிடைத்தது.

கணக்கு தானே நேராகிறது

ஸ்பட்டரிங்கிலும் எல்லா அணுக்களும் ஒரே எளிமையில் பெயர்வதில்லை. பிறகு எப்படிக் கலவை மாறாமல் இருக்கிறது?

‘அ’, ‘ஆ’ என்ற இரண்டு உலோகங்கள் சரிபாதி அணுக்களாகக் கலந்த டார்கெட்டை எடுத்துக்கொள்வோம். ‘அ’ அணுக்கள் ‘ஆ’ அணுக்களைவிட இரண்டு மடங்கு எளிதாகப் பெயரும். தொடக்கத்தில் ‘அ’ 2, ‘ஆ’ 1 என்ற விகிதத்தில் வெளியேறும். அதனால் மேற்பரப்பில் ‘அ’ குறைந்துகொண்டே வரும். அங்கே ‘அ’ 1, ‘ஆ’ 2 என்ற நிலை வந்ததும், பெயரும் எளிமையும் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதன்பின் இரண்டும் சமமாகவே வெளியேறும். அடியிலிருந்து வெளிப்படும் புதிய அடுக்கும் சரிபாதிக் கலவை என்பதால் இந்தச் சமநிலை நீடிக்கும்.

புது டார்கெட்டை மாட்டியதும், நடுவில் இருக்கும் தடுப்பை மூடியபடியே சிறிது நேரம் இயந்திரத்தை ஓட்டுவது இதற்காகத்தான். மேற்பரப்பு நிலைபெறும், ஒட்டியிருக்கும் ஆக்சைடும் அகலும். டார்கெட் அதிகம் சூடானால் உள்ளிருக்கும் அணுக்கள் மேலே ஊர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். அதனால் பின்புறம் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள்.

ஆனால் டார்கெட்டை விட்டுக் கிளம்புவது வேறு, போய்ச் சேருவது வேறு. லேசான அணுக்கள் வழியில் ஆர்கானில் மோதித் திசை மாறுவது அதிகம். டங்ஸ்டன்-டைட்டானியம் பூச்சில் டைட்டானியம் சற்றுக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதற்காகக் கலக்கிறார்கள்?

சிப்புக்குள் ஓடும் நுண்ணிய அலுமினியக் கம்பிகளில் மின்னோட்டம் அடர்த்தியாகப் பாயும்போது, எலக்ட்ரான்கள் அலுமினிய அணுக்களையே தள்ளிக்கொண்டு போகும். நாளடைவில் கம்பியில் வெற்றிடம் உண்டாகி அது அறுந்துவிடும். சிறிது செம்பு சேர்த்தால் கம்பியின் ஆயுள் பல மடங்கு கூடுகிறது என்று 1970-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் காட்டினார்கள். 0.5 சதவீதம் செம்பு கலந்த அலுமினிய டார்கெட் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

நிக்கலின் கதை வேறு. நிக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம். பின்னாலிருக்கும் காந்தப் புலத்தைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். முன்புறத்துக்குப் புலம் போதாமல் மேக்னட்ரான் திணறும். எடையில் 7 சதவீதம் வனேடியம் சேர்த்தால் நிக்கல் அந்தக் காந்தக் குணத்தை இழந்துவிடும். இங்கே வனேடியம் சேர்ப்பது பூச்சுக்காக அல்ல, இயந்திரம் ஓடுவதற்காக.

வார்ப்பா, தூளா?

அலுமினியம்-செம்பு, நிக்கல்-வனேடியம் போன்றவற்றை உருக்கி வார்த்து, உருட்டித் தகடாக்கலாம். டங்ஸ்டன்-டைட்டானியத்துக்கு அது நடக்காது. டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரி செல்சியஸில். டைட்டானியமோ 3287 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் இரண்டையும் தூளாகக் கலந்து, சூட்டோடு அழுத்தித் தகடாக்குகிறார்கள். அழுத்தம் போதாமல் உள்ளே நுண்துளைகள் தங்கினால், ஓடும்போது மின்பொறி கிளம்பி, வேஃபரின் மேல் உலோகத் துணுக்குகள் தெறிக்கும்.

செய்த தகட்டைப் பெரும்பாலும் செம்புத் தாங்குதகட்டில் இண்டியம் கொண்டு ஒட்டுகிறார்கள். இண்டியம் 157 டிகிரியிலேயே உருகிவிடும். தண்ணீர் ஓட்டம் தடைப்பட்டால் ஒட்டு விட்டுப்போகும் என்பதை இயந்திரத்தை இயக்குபவர் மறக்கக் கூடாது.

தட்டையான டார்கெட் சீராகத் தேய்வதில்லை. காந்தப் புலம் வலுவாக இருக்கும் இடத்தில் வளையமாகப் பள்ளம் விழும். பள்ளம் அடியைத் தொடுவதற்குள் டார்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். தொட்டுவிட்டால் இண்டியமும் செம்பும் பூச்சில் கலந்துவிடும். இதனால் பொருளில் பாதிகூடப் பயன்படாமல் மிஞ்சுவது சாதாரணம். தங்கம், பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த டார்கெட்டுகளின் மிச்சத்தைச் சுத்திகரிப்புக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உருளை வடிவ டார்கெட்டைச் சுழலவிட்டால் தேய்மானம் சீராகி, இந்த வீணடிப்பு வெகுவாகக் குறைகிறது.

வாங்குபவர் கவனத்துக்கு

ஆய்வகத்துக்கு டார்கெட் வாங்கும் மாணவர்கள் தூய்மையைக் கேட்கத் தவறுவதில்லை. 99.99, 99.999 என்று ஒன்பதுகளை எண்ணிப் பார்ப்பார்கள். கூடவே அடர்த்தி எவ்வளவு, தாங்குதகட்டில் ஒட்டித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கலவை விகிதம் எடைச் சதவீதமா, அணுச் சதவீதமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். டங்ஸ்டனில் எடைக்கு 10 சதவீதம் டைட்டானியம் என்றால், அணுக் கணக்கில் அது ஏறத்தாழ 30 சதவீதம். விகிதத்தைத் தவறாகக் குறிப்பிட்டு வாங்கிய டார்கெட்டை எந்த இயந்திரமும் திருத்தித் தராது.