தாஹோ பனிமலை: சனிக்கிழமை வெயிலை நம்பலாமா?

சான் ஹோசேயிலிருந்தும் ஃப்ரீமான்ட்டிலிருந்தும் தாஹோவுக்குப் போய்ப் பனிச்சறுக்கு பழகியவர்களை ஒருநாள் நண்பர்கள் கூப்பிடுவார்கள்: “லிஃப்ட் வரிசை வேண்டாம், டிக்கெட் வேண்டாம், பேக்கண்ட்ரி (ரிசார்ட் எல்லைக்கு வெளியே உள்ள மலைச்சரிவு) போகலாம், வா.” சரி என்று சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ரிசார்ட்டுக்கும் வெளியே இருக்கும் மலைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் விழுவது ஒரே பனிதான். ஆனால் ரிசார்ட்டில் ஊழியர்கள் காலையிலேயே வெடிவைத்து, ஆபத்தான பனியை இறக்கிவிட்டுத்தான் ஆட்களை விடுவார்கள். அப்படியும் 2024 ஜனவரி 10 அன்று பாலிசேட்ஸ் தாஹோ ரிசார்ட்டுக்குள்ளேயே பனி சரிந்து ஒருவர் இறந்தார். வெளியே அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

பனி ஏன் சரிகிறது? ஒவ்வொரு புயலும் ஒரு அடுக்கைப் போட்டுவிட்டுப் போகிறது. அடியில் உள்ள அடுக்கு பிடிப்பில்லாமல் இருந்தால், மேலே உள்ள கெட்டி அடுக்கு ரவை மேல் வைத்த பலகை மாதிரி நிற்கும். கொஞ்சம் எடை கூடினால் போதும், மொத்தமாக வழுக்கிவிடும்.

அந்த எடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உங்களிடமிருந்துதான். உயிரிழப்பில் முடியும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ, கூட வந்தவரோதான். அதனால்தான் இதை வெறும் விதி என்று விட்டுவிட முடியாது. போகும் இடத்தையும் நாளையும் மாற்றினால் ஆபத்தும் மாறும்.

எந்த நாள் மோசம்? புயலின்போதும், அது நின்றபின் ஓரிரு நாளும். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வியாழன், வெள்ளி பனி கொட்டும். சனிக்கிழமை வானம் நீலமாகத் தெளியும். நமக்கும் அன்றுதான் விடுமுறை. ஆனால் புதுப்பனி இன்னும் இறுகியிருக்காது. காற்றும் முகட்டுக்கு மறுபுறம் பனியை வாரிக் குவித்திருக்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது? சியரா அவலாஞ்ச் சென்டர் குளிர்காலத்தில் தினமும் காலையில் பனிச்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணால் சொல்வார்கள். “3 தானே, நடுத்தரம்தானே” என்று நினைக்காதீர்கள். மனிதர் கால் பட்டால் பனி சரிய நல்ல வாய்ப்பு உண்டு என்பதே 3-க்கு அர்த்தம். 4, 5 என்றால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்; 3 என்று அறிவித்த நாட்களில்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள்.

எந்த இடம் மோசம்? 30 முதல் 45 டிகிரி சாய்வு. இதைக் கண்ணால் சரியாகக் கணிப்பது கடினம். சாய்வை நிறம் போட்டுக் காட்டும் வரைபடச் செயலிகள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் 30-க்குக் குறைந்த சரிவிலேயே இருங்கள். சமதரையில் நின்றாலும் தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு இருந்தால் ஆபத்துதான். பிள்ளைகளோடு ஸ்லெட் விளையாடுகிறவர்களும், ஸ்னோஷூ கட்டி நடக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மலையில் எதைப் பார்த்தால் திரும்பிவிடலாம்? பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம், காலடியிலிருந்து ஓடும் விரிசல், பனிக்குள் ‘தும்’ என்று அமுங்கும் சத்தம். ஒன்று இருந்தாலும் போதும்.

புதைந்துவிட்டால் 911 வந்து காப்பாற்றாதா? வருவார்கள், ஆனால் நேரம் போதாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு; அதற்குள் தோண்டக்கூடியவர் கூட வந்தவர் மட்டுமே. ஆகவே ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும்: பீக்கன் (இருக்கும் இடத்தைக் காட்டும் அலைக்கருவி), புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக்கோல்), மண்வாரி. செல்போனைப் பீக்கனோடு ஒட்டி வைக்காதீர்கள், அலை குழம்பும்.

வாங்கினால் மட்டும் போதுமா? போதாது, பழக வேண்டும். தாஹோ பகுதியிலேயே மூன்று நாள் ‘லெவல் 1’ பனிச்சரிவு வகுப்புகள் நடக்கின்றன. அதை முடிக்கும்வரை நண்பர் கூப்பிட்டால், “இந்த வாரம் ரிசார்ட்டுக்கே போவோம்” என்று சொல்லிவிடுங்கள்.