ஒலிக் கண்காட்சியில் காதும் கண்ணும்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2004 முதல் 2025 வரை 'ஹை எண்ட்' என்னும் ஒலிக்கருவிக் கண்காட்சி நடந்து வந்தது. 2026-ஆம் ஆண்டுக்கு ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் ஒலிபெருக்கி செய்வோரும் இசை ஆர்வலரும் அங்கே கூடுவர். ஒரு ஜோடி ஒலிபெருக்கியின் விலை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுவது அங்கே அபூர்வமன்று. ஆளுயரப் பெட்டிகள், ஊமத்தம் பூவைப் போல் விரிந்த பெரிய கொம்புகள், கதவு போன்ற தட்டையான பலகைகள், செந்நிறமாக ஒளிரும் வெற்றிடக் குழாய்கள் என்று அறைக்கு அறை ஒரு காட்சி.

அத்தகைய கண்காட்சிக்குள் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். பத்து அறைகளில் இசை கேட்டுவிட்டு வெளியே வருகிறீர்கள். "எது சிறந்தது?" என்று நண்பர் கேட்கிறார். "நாலாவது அறை" என்கிறீர்கள். அவரோ, "அங்கே ஒரே முழக்கம், ஏழாவது அறைதான் அருமை" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் காதிலும் பழுதில்லை. பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை இயற்பியலிலும் இருக்கிறது, மனித மனத்திலும் இருக்கிறது.

உருவங்கள் ஏன் பலவகை?

இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை, அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியியலார் 1925-இல் வெளியிட்ட அமைப்பின் வழிவந்தவை. காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. தத்துவம் இவ்வளவுதான்.

சிக்கல் அலைநீளத்தில் இருக்கிறது. நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால், முதலாவதன் அலைநீளம் 17 மீட்டர். இரண்டாவதன் அலைநீளம் 1.7 சென்டிமீட்டர். அதிர்வெண் பாதியானால், அதே ஒலிச்செறிவைத் தருவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். ஆகவே தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ளும் பெரிய கூம்பு வேண்டும். உயர்ந்த ஒலிக்கோ விரைந்து அசையும் சிறிய, இலேசான தகடு வேண்டும். ஒன்று 'ஊஃபர்', மற்றது 'ட்வீட்டர்'. யாருக்கு எந்த அதிர்வெண் என்று பிரித்துக் கொடுக்க இடையில் ஒரு மின்சுற்று உண்டு. பெட்டிகள் பெரிதாவதன் காரணம் இப்போது விளங்கும்.

கொம்புகளின் கணக்கு வேறு. கொம்பின் குறுகிய வாய் சிறிதளவு காற்றை அழுத்தமாகப் பற்றிக்கொள்கிறது. விரிந்த வாய் அதைச் சிறுகச் சிறுக வெளிக்காற்றோடு சேர்க்கிறது. அதனால் சாதாரணப் பெட்டியைவிட மின்னாற்றலில் கூடுதலான பங்கு ஒலியாகிறது. 1 வாட் மின்திறனுக்கு, 1 மீட்டர் தொலைவில், சாதாரணப் பெட்டி ஒன்று 86 டெசிபல் தருகிறது, கொம்பு ஒன்று 104 டெசிபல் தருகிறது என்று கொள்வோம். வேறுபாடு 18 டெசிபல். திறனில் இது ஏறத்தாழ 63 மடங்கு. எனவே 8 வாட் மட்டுமே தரும் வெற்றிடக் குழாய்ப் பெருக்கி, கொம்போடு சேர்ந்தால், சாதாரணப் பெட்டியில் 500 வாட் செய்யும் வேலையைச் செய்துவிடும். பிரம்மாண்டமான கொம்புக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு பெருக்கி இருப்பது அலங்காரத்துக்காக அன்று.

தட்டையான பலகைகளில் பல நிலைமின்விசையால் இயங்குவன. மின்னூட்டம் பெற்ற மெல்லிய படலம் இரு துளைத்தகடுகளுக்கு நடுவே அசைகிறது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நிலைமின் ஒலிபெருக்கி இவ்வகையில் புகழ்பெற்றது.

அறையும் ஓர் இசைக்கருவி

கருவிகளைப் பார்த்தோம். இனி உங்களுக்கும் நண்பருக்கும் நேர்ந்த வேறுபாட்டுக்கு வருவோம்.

நாலாவது அறையின் நீளம் 5 மீட்டர் என்க. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிலையலைகளை உண்டாக்குகின்றன. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுக் குழாயில் கண்ட அதே நிகழ்ச்சிதான். அறையின் நீளத்தைப் போல் இருமடங்கு அலைநீளமுள்ள ஒலி முதலில் ஒத்ததிரும்: 340-ஐ 10-ஆல் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ். அடுத்தது 68 ஹெர்ட்ஸ்.

அந்த 68 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். சுவர்களின் அருகிலும் அறையின் நடுவிலும் அதன் அழுத்த மாறுபாடு மிகுதி. சுவரிலிருந்து 1.25 மீட்டரில் அது மிகக் குறைவு. நண்பர் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தார், அவருக்கு முழக்கம். நீங்கள் சுவரைவிட்டு 1.25 மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தீர்கள், உங்களுக்குத் தெளிவு. இருவரும் ஒலிபெருக்கிக்கு மதிப்பெண் போடுவதாக நினைத்துக்கொண்டு, நின்ற இடத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்! கண்காட்சி அறைகளில் மெல்லிய தடுப்புகளும் கண்ணாடிச் சுவர்களும் இருந்தால் தொல்லை இன்னும் கூடும்.

உரத்த ஒலியின் மயக்கம்

ஒரே ஒலிபெருக்கியை, ஒரே இசையை, சற்று உரக்க ஒலிக்கச் செய்தால் கேட்பவர் "உரக்க இருக்கிறது" என்று சொல்வதில்லை. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார். ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. மெல்லிய ஒலியில் நம் காது தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாக உணர்வதில்லை. ஒலி உரக்கும்போது அவை வேகமாக மேலெழுகின்றன. இசை 'நிறைவாக' இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆகவே இரு கருவிகளை ஒப்பிடுமுன் இரண்டின் உரப்பையும் அளந்து சமமாக்க வேண்டும். அறைக்கு அறை நடந்து கேட்பவருக்கு இது இயலாது.

கண் கேட்கும் ஒலி

யாவற்றிலும் பெரிய மயக்கம் கண்ணால் வருவது. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர் இருவர் 1994-இல் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டனர். 40 பேர், நான்கு ஒலிபெருக்கிகள். முதலில் ஒலியைத் தடுக்காத திரையின் பின்னே கருவிகளை வைத்துக் கேட்கச் செய்தனர். பிறகு கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கச் செய்தனர். திரைக்குப் பின்னே இருந்தபோது நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய, விலை குறைந்த கருவி, கண்ணில் பட்டதும் கீழே இறங்கியது. பெரிய, எடுப்பான கருவிகள் மேலே ஏறின. கேட்டவர்கள் ஒலிபெருக்கி நிறுவனத்திலேயே பணிபுரிந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. அனுபவம் கண்ணின் மயக்கத்தைத் தடுக்கவில்லை.

இதிலிருந்து "காதை நம்பவே கூடாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் 1980-களில் செய்த சோதனைகள் இதன் மறுபக்கத்தைக் காட்டின. கருவியை மறைத்து, உரப்பைச் சமமாக்கிக் கேட்கச் செய்தால், இயல்பான செவித்திறன் உள்ளவர்களின் தீர்ப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. எல்லா அதிர்வெண்களையும் ஏற்றத்தாழ்வின்றித் தரும் ஒலிபெருக்கியையே அவர்கள் விரும்பினர். காது நல்ல கருவிதான். அதற்கு நேர்மையான சூழ்நிலை தேவை.

கம்பியின் கணக்கு

கண்காட்சியில் ஒலிபெருக்கிக் கம்பிகளும் பெரிய விலைக்கு இருக்கும். இங்கே ஓமின் விதியே போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, போக 3 மீட்டர், வர 3 மீட்டர்: மின்தடை ஏறத்தாழ 0.04 ஓம். ஒலிபெருக்கி 8 ஓம் என்றால், கம்பியால் குறையும் ஒலி ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தக் காதும் இதை உணராது. வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு ஒலிபெருக்கியில் 100 ஹெர்ட்ஸ் ஒலியை இடைவிடாமல் ஒலிக்கச் செய்யுங்கள். இதற்குக் கைப்பேசிச் செயலிகள் உண்டு. மெல்ல நடந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கும் குறைந்த தொலைவிலேயே ஒலி தேய்வதையும் வளர்வதையும் உணர்வீர்கள். அடுத்து, இரு ஒலிபெருக்கிகளை மெல்லிய துணியால் மறையுங்கள். உரப்பைச் சமமாக்குங்கள். நண்பர் ஒருவர் உங்களிடம் சொல்லாமல் மாற்றி மாற்றி ஒலிக்கட்டும். மதிப்பெண்ணை எழுதிய பிறகே துணியை விலக்குங்கள்.

விலையுயர்ந்த கருவிகளில் அரிய உழைப்பும் நுண்ணறிவும் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் கண்டு வியப்பதில் தவறில்லை. ஆனால் நல்ல ஒலியை இனங்காணும் செவி செல்வர்களுக்கு மட்டும் உரிய சொத்து அன்று. அது உங்களிடமும் இருக்கிறது. அடுத்த முறை யாரேனும் "இதைக் கேளுங்கள்" என்று அழைத்தால், ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.