முதுகுத்தண்டுக் குறுகலும் கத்தி தொடாத சிகிச்சையும்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், சென்ற வருஷம் வரை கோயில் பிரகாரத்தைச் சிரமமின்றி வலம் வந்தவர், இன்று தெருமுனையைக் கடப்பதற்குள் இடுப்பிலிருந்து புட்டத்தின் வழியே கெண்டைக்கால் வரை இறங்கும் குடைச்சலாலும் மரத்துப்போய்க் கனக்கும் கால்களாலும் தடுக்கப்பட்டு, எதிர்ப்பட்ட கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றிச் சற்றே முன்குனிந்த சில நிமிஷங்களில் வலி விலகிவிடுகிறது. எழுந்து நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடியும் வந்துவிடுகிறது. வீட்டார் இதை வாதம் என்பார்கள். வயசானால் அப்படித்தான் என்பார்கள். அவரும் நடையைக் குறைத்து, பிறகு வெளியே போவதையே நிறுத்தி, நாற்காலியோடு ஒடுங்கிவிடுகிறார். அந்த ஒடுக்கம் நோயைக்காட்டிலும் பெரிய தீங்கு என்பதும், பலருக்கு அதை அறுவை சிகிச்சை இல்லாமலே தடுக்க முடியும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

தண்டுக்குள் நடப்பது என்ன?

முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உண்டாக்கும் கால்வாயில் தண்டுவடம் இறங்கி, இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிட, அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் குதிரைவாலைப் போன்ற ஒரு கற்றையாகத் தொங்குகின்றன. அங்கே கால்வாயின் முன்பின் அளவு சாதாரணமாக 15 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை. 10 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ வந்துவிட்டால் கடுமையான குறுகல் என்று கணக்கு. வயதேற ஏற எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுக்கள் நீர்வற்றித் தட்டையாவதும், பின்புற மூட்டுக்கள் பருப்பதும், எலும்புகளைப் பிணைக்கும் மஞ்சள் தசைநார் தடிப்பதும் சேர்ந்து நரம்புகளின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றன. இதைத் தனி நோயாக வைத்திய உலகம் தெளிவாக உணரும்படி 1954-இல் விவரித்து எழுதியவர் நெதர்லாந்து தேசத்து உட்ரெக்ட் நகரின் நரம்பியல் அறுவை நிபுணர் ஹெங்க் வெர்பீஸ்ட்.

சிகிச்சை முழுவதற்கும் ஆதாரமான விஷயம் ஒன்று உண்டு. நிமிர்ந்து நிற்கும்போதும் பின்னுக்கு வளையும்போதும் அந்தத் தசைநார் உட்புறம் மடிந்து கால்வாய் மேலும் குறுகுகிறது. முன்குனிந்தால் நார் இழுபட்டு, கால்வாய் சற்று அகன்று, நெருக்குண்ட நரம்புகளுக்கு ரத்த ஓட்டம் திரும்புகிறது. சிறிது தூரம் நடக்க முடியாதவர் சைக்கிளில் நெடுந்தூரம் சௌகரியமாகப் போவதும், மேடேறும்போது இல்லாத வலி இறக்கத்தில் வருவதும் இதனால்தான்.

கால் ரத்தக்குழாய் அடைபட்டவருக்கும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். ஆனால் அவர் உட்காரவோ குனியவோ வேண்டியதில்லை, நின்றாலே போதும். புகைபிடிப்பவர்களும் நீரிழிவுக்காரர்களும் இதில் விசேஷக் கவனம் செலுத்த வேண்டும். பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்க்காமல் முதுகுக்கு மருந்தெழுதும் வைத்தியம் பூரணமானதல்ல.

படத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் ‘கடுமையான குறுகல்’ என்ற சொற்களைக் கண்டதும் மனம் இடிந்துபோகிறவர்கள் அநேகர். அமெரிக்காவில் முதுகுவலியே அறியாத 67 பேரை ஸ்கேன் செய்து 1990-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கால்வாய்க் குறுகல் காணப்பட்டது; அவர்களுக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே வைத்தியம் படத்துக்கல்ல, நடைக்கு. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதை வாரந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வருவது, அடிக்கடி ஸ்கேன் எடுப்பதைவிடப் பிரயோஜனமானது.

எந்தப் பயிற்சியாலும், எந்தத் தைலத்தாலும் குறுகிய கால்வாய் அகன்றுவிடாது. ஆயினும் மிதமான குறுகல் உடையவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப்பேர் வரை நாளடைவில் நல்ல நிலையிலேயே இருந்துவருகிறார்கள். திடீரென்று கால் விழுந்துவிடுவது அபூர்வம்.

தேகப்பயிற்சி

சிகிச்சையின் உயிர்நிலை இதுதான். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, அடிவயிற்றை உள்ளிழுத்து, இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே கை நுழையும் இடைவெளி மறையுமாறு இடுப்பைத் தரையோடு அழுத்தி, மூச்சை அடக்காமல் ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். அது பழகிய பின் ஒரு முழங்காலையும், பிறகு இரண்டையும் கைகளால் மார்பை நோக்கி அணைத்துக்கொள்ள வேண்டும். யோகம் பயின்றவர்கள் இதைப் பவனமுக்தாசனத்தின் எளிய வடிவமாகக் கண்டுகொள்வார்கள். அதே யோகத்தில் புஜங்காசனமும் தனுராசனமும், சூரிய நமஸ்காரத்தின் பின்வளைவுகளும் இந்த நோயாளிகளுக்கு ஆகா. ‘முதுகுக்கு நல்லது’ என்று பொதுவாகச் சொல்லக்கேட்டு இவற்றைச் செய்து வலியை வளர்த்துக்கொள்வது வருந்தத்தக்கது. எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு வலுவாகக் குனியும் பயிற்சிகளும் கூடா. முதலில் பிசியோதெரபி நிபுணரின் எதிரிலேயே பழகுவது உத்தமம்.

இத்துடன் தொடையின் முன்புறத் தசைகளை நீட்டுவதும், வயிற்றையும் புட்டத்தையும் வலுவாக்குவதும், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் சேர வேண்டும். நடையை விட்டுவிடக் கூடாது. வலி முற்றுவதற்கு முன்பே உட்கார்ந்து, இளைப்பாறி, மறுபடி நடப்பதே முறை.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்திருந்த 169 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறுவைக்கென்று பிரிக்கப்பட்டவர்களுக்கும் பயிற்சிக்கென்று பிரிக்கப்பட்டவர்களுக்கும் இரண்டு வருஷ முடிவில் உடல் இயக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக்கென்று வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலே அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் மற்றவர்களுக்குக் கத்தி தேவைப்படவில்லை என்பது சாமானியமான லாபமா?

மாத்திரையும் ஊசியும்

வலி மிகுந்த நாட்களில் பாரசிட்டமால் ஓரளவு துணை செய்யலாம். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்காக விழுங்கும் மற்ற வலிமாத்திரைகளோ வயிற்றைப் புண்ணாக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதியவர்களுக்கு இது உண்மையான அபாயம். நரம்புக்கென்று தரப்படும் காபாபென்டின், பிரீகாபலின் முதலியவற்றால் கிறுகிறுப்பு வந்து கீழே விழுவோர் உண்டு. பலன் தெரியாவிட்டால் வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்திவிடலாம்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி மக்களுக்குள்ள நம்பிக்கை அதன் தகுதிக்கு மிஞ்சியது. 400 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், மரப்பு மருந்துடன் ஸ்டீராய்டு கலந்து போட்டவர்களும் மரப்பு மருந்து மட்டும் போட்டவர்களும் ஆறு வாரத்தில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தார்கள். ஸ்டீராய்டு நீரிழிவுக்காரர்களுக்குச் சில நாள் சர்க்கரையையும் ஏற்றும். இடுப்புப் பெல்ட் வெளியே போகும்போது உதவும். அதை நம்பிப் பயிற்சியைக் கைவிடலாகாது. முதுகை மிதித்தும் முறுக்கியும் ‘நெட்டி எடுக்கும்’ வைத்தியத்துக்கு உடம்பை ஒப்புக்கொடுப்பது ஆபத்து.

அன்றாடத்தில்

ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கி, நடுவே தலையணை வைத்துப் படுப்பதும், நின்று சமைப்பவர் ஒரு காலைத் தாழ்ந்த பலகைமேல் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதும், உயரத்துப் பரணை அண்ணாந்து துழாவாமலிருப்பதும், கைத்தடியோ தள்ளுவண்டியோ கொண்டு சற்றே முன்சாய்ந்து நடப்பதும், பருத்த சரீரத்தைக் குறைப்பதும் அன்றாட நிவாரணங்கள். தடி பிடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காத்திருக்கக் கூடாத வேளை

மூன்று முதல் ஆறு மாதம் சிரத்தையாகப் பயின்றும் நடை சுருங்கிக்கொண்டே போனால், அறுவை சிகிச்சையைப் பற்றித் தயங்காமல் பேசலாம். கால்வலிக்கு அது நல்ல பலனைத் தரக்கூடியது. கழுத்தில் குறுகல் உண்டாகிச் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ, அதைப் பயிற்சியை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. நிபுணரிடம் உடனே காட்ட வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் போனாலும், தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி மழுங்கினாலும், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிவிட்டாலும், அதே நாளில், இரவானாலும், நரம்பியல் அறுவை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.