எந்த மௌனம் சம்மதம்?



2017 ஆகஸ்டு 25-க்குப் பின் மியன்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு இலட்சத்திற்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு உயிர் தப்பி ஓடி வந்தனர். அந்நாட்டு இராணுவத்தினர் பெண்களைக் கூட்டாகப் பலாத்காரம் செய்த கொடுமையை ஐ.நா. உண்மை அறியும் குழு 2018-இல் பதிவு செய்தது.

குதுபாலாங் முகாமில், மூங்கிலும் தார்ப்பாயும் கொண்ட குடில்களுக்குள் குமருகள் அடைபட்டுக் கிடக்கின்றனர். மானத்திற்கும் பாதுகாப்பிற்கும் அஞ்சிப் பெற்றோர் பலர் அவசரமாக நிக்காஹ் முடித்து வைக்கின்றனர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும், அம்மகளின் மனத்தைக் கேட்டவர் யார்?

பலவந்தத்திற்கு ஆளானவள் பாவியல்லள். நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு அல்லாஹ் கிருபையையே அறிவிக்கின்றான் (24:33). தந்தை தம் விருப்பமின்றி மணமுடித்ததாக கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அத்திருமணத்தையே ரத்துச் செய்தார்கள். கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்கவேண்டும். அவளது மௌனமே சம்மதம் என்றும் அருளினார்கள்.

சிந்தியுங்கள்! நாணத்தின் மௌனம் வேறு. நடுக்கத்தின் மௌனம் வேறு. உறக்கத்தில் அலறுபவள், ஆண்குரல் கேட்டதும் ஒடுங்குபவள் வாய் திறவாதிருப்பதைச் சம்மதமென எழுதிக்கொள்வது இரண்டாவது அநீதியாகும். மணமான பின்னும் அவள் உள்ளமும் உடலும் ஆறும்வரை பொறுத்திருப்பது கணவனின் கடமை. மனைவியருடன் நல்ல முறையில் வாழுங்கள் என்பதன்றோ இறைக்கட்டளை (4:19)!

முகாமிலுள்ள மகளிர் மையங்களில் பெண்களே பெண்களுடன் அமர்ந்து, அச்சம் தெளியப் பேசுகின்றனர். அவள் தானே பேசும்வரை காத்திருப்பது, பெற்றோரிடம் இறைவன் ஒப்படைத்த அமானிதம்.