ஊருக்குச் சொல்லாத வேலை

மான்ட்ரியலில் எங்கள் அலுவலகத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் பெரும்பாலும் ரெண்டே பேர்தான் இருப்போம். சர்வர் வேலை உள்ள நாட்களில் நான், தினமும் அவர். மேசை மேசையாகப் போய்க் குப்பைக் கூடையைக் காலி செய்வார், கழிவறை கழுவுவார், தரையைத் துடைப்பார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பல மாதமாக எங்களுக்குள் 'போன்சுவா' என்பதோடு சரி. அவர் பக்கத்தில் வந்தால், ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமலே கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் ஊருக்குப் போன் பேசிவிட்டு வைத்தேன். "தம்பி, தமிழோ?" என்று குரல் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். அரை மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நான் கிளீனிங் செய்யிறன் எண்டு ஊரில ஒருத்தருக்கும் தெரியாது. ஒஃபிஸில வேலை எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். பொய்யில்லைதானே, தம்பி?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். 'தாழ்ச்சி' என்ற சொல்லை ஞாயிறு மறைக்கல்வியிலேயே மனப்பாடம் செய்தவன். கூடையைத் தள்ளிய அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது, தினமும் பார்க்கிற புனித சூசையப்பர் ஆலயத்தின் குவிமாடத்தைக் கொஞ்சம் நேரம் கூடப் பார்த்தேன். மவுன்ட் ராயல் மலைச்சரிவில் நிற்கும் அந்தப் பெரிய ஆலயத்துக்குக் காரணமானவர் ஆயரோ கர்தினாலோ இல்லை. ஒரு வாசல்காப்பாளர்.

அல்ஃபிரெட் பெசெட் 1845ல் கியூபெக்கில் பிறந்தார். மரம் வெட்டும் தொழிலில் இருந்த தகப்பன் மரம் விழுந்து இறந்தார். அடுத்த ரெண்டு வருஷத்தில் தாயையும் காசநோய் கொண்டுபோனது. அப்போது பையனுக்கு 12 வயது. செருப்புத் தைக்கப் போனார், ரொட்டிக் கடைக்குப் போனார், இரும்புப் பட்டறைக்குப் போனார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. பிழைப்பு தேடி எல்லை தாண்டி அமெரிக்காவின் பஞ்சாலைகளிலும் சில வருஷம் கூலி வேலை பார்த்தார். நம்மைப் போல அவரும் புலம்பெயர்ந்த தொழிலாளிதான்.

திரும்பி வந்து 1870ல் திருச்சிலுவைச் சபையில் சேர்ந்தார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது. உடம்பும் நோஞ்சான். வார்த்தைப்பாட்டுக்கு அவரை ஏற்கச் சபை முதலில் தயங்கியது. கடைசியில் சகோதரர் அந்திரே என்ற பெயரோடு, சபையின் பள்ளிக்கூடத்தில் வாசல் காக்கும் வேலை கிடைத்தது. கதவு திறப்பது, தரை துடைப்பது, விளக்கு துடைப்பது, கடிதம் கொண்டு போவது, மாணவர்களுக்கு முடி வெட்டுவது. இப்படியே சுமார் 40 வருஷம். 'சபையில் சேர்ந்தபோது வாசலைக் காட்டினார்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன்' என்கிற அர்த்தத்தில் அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

அந்த வாசலுக்கு வந்தவர்களிடம் அவர் நின்று பேசினார். நோயாளிகள் தேடி வர ஆரம்பித்தார்கள். குணமானதாகச் சொல்லி நன்றி சொன்னால் கோபம் வருமாம். சூசையப்பரிடம் சொல்லுங்கள் என்பார். சூசையப்பரும் தச்சர்தான். 1904ல் மலையில் ஒரு சின்னச் சிற்றாலயம் எழுந்தது. முடி வெட்டிச் சேர்ந்த சில்லறையும் அதற்குப் போனது. 1937ல், 91 வயதில் அவர் இறந்தபோது, கடுங்குளிரில் லட்சக்கணக்கானோர் அஞ்சலி செலுத்த வந்தார்கள். 2010ல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

ஆனால் இந்தக் கதையைத் தப்பாகவும் சொல்லலாம். "பார்த்தாயா, தரை துடைப்பதும் புனிதம்தான், அதனால் நீ துடைத்துக்கொண்டே இரு" என்று. நம் ஊரில் எந்த வேலை யாருக்கு என்று சாதி முடிவு செய்த கதை நமக்குத் தெரியும். கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய வெட்கம் தமிழ்க் கத்தோலிக்கருக்கும் உண்டு. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குத் தாழ்ச்சி பற்றிப் பாடம் எடுத்தால், அது ஆன்மிகம் இல்லை, வசதி.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தன் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. சமையல்கட்டு வேலையை எல்லோரும் வாராவாரம் முறை வைத்துச் செய்யணும். நோயாளிகளுக்கும், முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்தான் விலக்கு. முறை முடிகிறவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக ஒப்படைக்கணும். அவரும் அடுத்து வருபவரும் சேர்ந்து எல்லோருடைய பாதங்களையும் கழுவணும். மடத்துச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரங்களைப் போல மதிக்கணும். எங்கள் ஊர்க் கோவிலில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவ 12 பேர் உட்காருவார்கள். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். வருஷத்துக்கு ஒருநாள். அங்கே அது வாராவார வேலை.

அதே ஒழுங்கில் எனக்கென்றே எழுதியது போல இன்னொன்றும் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த துறவி, தன் திறமையால்தான் மடத்துக்கு லாபம் என்று பெருமைப்பட ஆரம்பித்தால், அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தாழ்ச்சி வந்த பிறகுதான் திரும்பத் தரலாம். ஐடி கம்பெனிகளில் இந்த விதி வந்தால் எத்தனை சீட்டு காலியாகும் என்று யோசித்துப் பார்த்தேன். என்னுடையதும் அதில் ஒன்று.

ஆக, கத்தோலிக்க மரபு சொல்லும் தாழ்ச்சி, தன்னைக் குறைத்துப் பேசுவது இல்லை. உள்ளதை உள்ளபடி ஒத்துக்கொள்வது. வேலை சின்னது என்பதற்காக அதைச் செய்கிறவர் சின்னவர் ஆகிவிடுவதில்லை. வேலை பெரியது என்பதால் நானும் பெரியவன் ஆகிவிடுவதில்லை. அவருக்கு நியாயமான சம்பளமும், ஓய்வும், பெயர் சொல்லி ஒரு வணக்கமும் சேராதவரை, அவர் வேலையைப் புனிதம் என்று புகழ எனக்கு உரிமை இல்லை.

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவின் வேலையை யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். நாம் மறைக்கிற ஒவ்வொரு தடவையும், அதில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்கே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த முறை அவர் வந்தபோது கூடையை நானே கையில் எடுத்துக்கொண்டு போனேன். "அண்ணா, நானும் ஒண்ணு சொல்லணும். ஊர்ல நான் மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க ராத்திரி சர்வர் படுத்தா தட்டி எழுப்பி விடுறதுதான் வேலை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப தம்பியும் வாட்ச்மேன்தான்" என்றார்.