அடுப்பும் அரைகல்லும் – 9: சுண்ணாம்பில் ஊறும் இரவு

மக்காச்சோள மாவிலிருந்தே மனிதன் படைக்கப்பட்டான் என்னும் மாயா மக்களின் நம்பிக்கையும், கீச்சே மொழி நூலான போப்போல் வூவில் ஷ்முக்கானே என்னும் மூதாட்டி அந்த மக்காச்சோளத்தை ஒன்பது முறை அரைத்த செய்தியும் சென்ற இதழிலேயே விளக்கப்பட்டுவிட்டன. அவற்றை இங்கு மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

இவ்வாரத்துக்கு உரியது சிலாக்கிலா. டோர்ட்டியா என்பது மக்காச்சோள மாவைக் கையால் தட்டி, கொமால் எனப்படும் தட்டையான ஓட்டில் சுட்டெடுக்கும் ரொட்டி. அதன் நடுவே உப்பிட்ட புதிய பாலாடைக்கட்டியை வைத்து இரண்டாக மடித்து, நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தக்காளிக் குழம்போடு பரிமாறினால் அது குவாத்தமாலா வீடுகளின் சிலாக்கிலா ஆகிறது. மெக்சிகோவில் ஏறக்குறைய இதே பெயரில் வழங்கும் உணவு வேறு. அங்கே டோர்ட்டியாத் துண்டுகளைப் பொரித்துக் குழம்பில் பிரட்டுவார்கள். குவாத்தமாலாவில் டோர்ட்டியா முழுதாக இருந்து, விரிசல் விடாமல் மடிய வேண்டும். அப்படி மடியுமா மடியாதா என்பது முந்தின இரவே, பானையில் இடும் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பில் முடிவாகிவிடுகிறது.

கோதுமையில் உள்ள ஒட்டும் புரதம் மக்காச்சோளத்தில் இல்லாததால், உலர்ந்த மணியை அப்படியே அரைத்து நீர்விட்டுப் பிசைந்தால் மாவு உதிருமே தவிர வட்டமாகத் தட்ட வராது. ஆகவே ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய பத்து கிராம் நீற்றிய சுண்ணாம்பும் மூன்று லிட்டர் நீரும் சேர்த்து முக்கால் மணி நேரம் வேகவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி இரவு முழுவதும் ஊறவிடுகிறார்கள். விடிந்ததும் ஒரு மணியை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பார்க்க, தோல் வழுக்கிக் கழன்று வந்தால் பதம் சரி. கழலாவிட்டால் சுண்ணாம்போ வேக்காடோ போதவில்லை என்று பொருள். மணிகளுக்கிடையே நிற்கும் நீர் மஞ்சளித்துக் கொழகொழப்பாக இருக்கும். அதை வடித்து, மணிகளை மூன்று நான்கு முறை அலசியபின் அரைகல்லிலோ தெருமுனை ஆலையிலோ அரைக்கிறார்கள். இவ்வாறு பக்குவப்பட்ட மணிக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் ஒரு நாவாட்ல் மொழிச் சொல்லும் தமால் என்னும் உணவின் பெயரும் சேர்ந்து உருவான சொல் இது. சுண்ணாம்புக்கு முன்னோ அதோடு சேர்த்தோ மரச்சாம்பலும் பயன்பட்டதை அந்தப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

மணியின் தோலைப் பிணைத்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளைச் சுண்ணாம்பின் காரத்தன்மை கரைத்துப் பசையாக்குகிறது. மாவு கையில் திரள்வதும் ரொட்டி மடிவதும் இதனால்தான். ஆயினும் சுண்ணாம்பின் பெரும்பணி கண்ணுக்குத் தெரியாதது. மக்காச்சோளத்தில் நயாசின் என்னும் பி வகை உயிர்ச்சத்து இருந்தும், அதன் பெரும்பகுதி உடலால் பிரித்தெடுக்க முடியாதபடி வேறு பொருள்களோடு கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகும்போதுதான் அந்தக் கட்டு அவிழ்கிறது. ஸ்பானியர் மக்காச்சோளத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றபோது விதை போய்ச் சேர்ந்தது, பக்குவம் சேரவில்லை. அதன் விலையை ஐரோப்பிய ஏழைகள் தம் உடலால் கொடுத்தார்கள். வெயில் படும் தோல் சொரசொரத்து, வயிறு கழிந்து, முடிவில் அறிவும் கலங்கும் நோயை ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசால் என்னும் மருத்துவர் 1735-இல் இனங்கண்டார். பின்னர் இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயரிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களையும் அது வாட்டியது. குறை உணவில்தான் இருக்கிறது என்று ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர் நிறுவவும், அந்தக் குறை நயாசின்தான் என்பது 1937-இல் கான்ராட் எல்வேஜெம் என்னும் உயிர்வேதியியலாளரின் ஆய்வால் தெளிவாகவும் காசாலின் காலத்திலிருந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் குவாத்தமாலாவின் பெண்கள் இரவுதோறும் பானையில் சுண்ணாம்பு இட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குவாத்தமாலா நகரில் 1949-இல் தொடங்கிய இன்காப் என்னும் மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் இந்தப் பக்குவத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்றது. அந்நாட்டு அறிவியலாளர் ரிக்கார்தோ பிரெஸ்ஸானி, நிறுவனத்தின் முதல் இயக்குநர் நெவின் ஸ்க்ரிம்ஷா முதலியோர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு, மணி டோர்ட்டியாவாக மாறும்வரை அதில் என்னென்ன குறைகின்றன, என்னென்ன கூடுகின்றன என்று அளந்தது. கால்சியம் பெருகுகிறது, ஆனால் நயாசினிலும் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடுகிறது. அளவு குறைந்தும் பயன் கூடுவதே இப்பக்குவத்தின் வியப்பு: மிஞ்சும் நயாசின் முன்னிலும் குறைவாயினும், அது உடலில் எளிதாகச் சேர்கிறது.

இனி சிலாக்கிலா. ஆறிய டோர்ட்டியா விறைத்துவிடும் என்பதால் அதைக் கொமாலில் இருபுறமும் சூடுகாட்டி நெகிழவைத்து, பாலாடைக்கட்டியை இட்டு மடிக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே, பாத்திரத்தைச் சாய்த்தாலும் வழியாத பதத்துக்கு அடித்து, மஞ்சள்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து உப்பிட வேண்டும். மடித்த டோர்ட்டியாவை அந்த நுரையில் முழுக்காட்டி மிதமான சூட்டில் உள்ள எண்ணெயில் இட்டால், நுரை உப்பிப் பொன்னிறம் கொள்கையில் உள்ளே பாலாடைக்கட்டி இளகும். மடிப்பின் விளிம்பில் விரிசல் விட்டிருந்தால் அவ்வழியே பாலாடைக்கட்டி எண்ணெயில் கசிந்து கருகிவிடும். முந்தின இரவின் பக்குவம் சரிதானா என்பதற்கு அந்த விளிம்பே சாட்சி.

இவ்விதழில் வரவேண்டிய தக்காளிக் குழம்புக்கும், டோர்ட்டியாவுக்குப் பதில் குயிஸ்கில் காயின் வில்லைகளைக் கொண்டு செய்யும் சிலாக்கிலாவுக்கும் இடம் போதவில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் சௌசௌ என்று விற்கும் காய்தான் குயிஸ்கில். அதன் பூர்விகத்திலிருந்து அடுத்த வாரம் தொடரும்.