எந்தத் துப்பாக்கி எனக்குரியது?

தமிழ்ப்பள்ளி நாட்களில் லாஸ்டிக்கால் மாங்காய் அடித்ததோடு சரி. பல்கலைக்கழகத்தில் குறிசுடும் கழகத்தில் சேர்ந்த முதல் நாளே, அங்கிருந்தவற்றுள் பெயர்பெற்ற ஜெர்மானியத் துப்பாக்கியை ஓடிப்போய் எடுத்துக் கொண்டேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே தேர்வு என்பது கழகத்தில் இருப்பவற்றுக்குள்தான்.

நாங்கள் சுடுவது பாயிண்ட் 22. தோட்டா 5.6 மி.மீ. தடிப்பு. சுடும் ஊசி தோட்டாவின் அடிப்பாகத்தில் நடுவைத் தட்டாமல் விளிம்பைத் தட்டும். தீப்பற்றும் மருந்து அங்கேதான் உள்ளது. உதைப்பு மிகக் குறைவு. ஆனால் 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, நம் ஐந்து காசைவிடச் சிறியது!

ஒரு மாதமாகியும் என் குண்டுகள் சிதறியே விழுந்தன. கைராசி இல்லையென்று விலகவும் எண்ணிவிட்டேன். அப்போதுதான் பயிற்றுநர், "கழுத்தை ஏன் இப்படி நீட்டுகிறாய்?" என்று மலாயில் கேட்டார். நான் ஐந்தடி உயரம். தோளில் ஊன்றும் கட்டை எனக்கு நீளம். அதனால் கன்னம் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் பதிந்தது. கண்ணும் இடம் மாறியது.

அவர் சொன்ன சோதனை எளிது. தோட்டா இல்லாத துப்பாக்கியை இலக்கை நோக்கித் தோளில் வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்க்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் பின்பார்வைத் துளை நேராகத் தெரிந்தால் அது நம் அளவு. கட்டையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, வண்ணம் உரிந்த பழைய துப்பாக்கி ஒன்றுதான் எனக்கு அப்படி அமைந்தது. எடையும் முக்கியம், போட்டி விதி 8 கிலோ வரை அனுமதித்தாலும் என் கை அனுமதிக்க வேண்டுமே! பிறகு தோட்டா. ஒரே துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவை நெருக்கமாகவும் இன்னொன்றைச் சிதறியும் அடிக்கும். பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தே முடிவு செய்தேன்.

அந்த ஜெர்மானியத் துப்பாக்கி இப்போது ஆறடி உயர நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. அருமையாகச் சுடுகிறார்.